புண் தானாக ஆறிவிட்டது, இப்போது உள்ளங்கையில் புள்ளிகள். இது சிபிலிஸா?

மழைத்தூறல்:
வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாகத் தயங்கிவிட்டு இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வயது 29, ஆண். ஏறக்குறைய இரண்டரை மாதத்துக்கு முன் ஆணுறுப்பில் முன்தோலுக்கு அடியில் ஒரு புண் வந்தது. ஒன்றே ஒன்று, வட்டமாக, ஓரம் கொஞ்சம் தூக்கலாக. வலி இல்லை, எரிச்சல் இல்லை, சீழும் இல்லை. விரலால் பிடித்துப் பார்த்தால் தோலுக்குள் ஒரு பொத்தானை வைத்துத் தைத்தது போல அடியில் கெட்டியாக இருந்தது. தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது, அதுவும் வலிக்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினேன். ஒரு மாதத்துக்குள் சுத்தமாக ஆறிவிட்டது. களிம்பு கேட்டுவிட்டது என்று நினைத்து அதோடு மறந்துபோனேன்.

இப்போது பத்து நாளாக நெஞ்சிலும் முதுகிலும் மங்கலான புள்ளிகள். அரிக்கவே இல்லை. முந்தாநாள் பார்த்தால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புக் காசு நிறத்தில் அதே புள்ளிகள். லேசாகக் காய்ச்சல், தொண்டை கரகரப்பு, சொல்லத் தெரியாத ஒரு அசதி. ஒவ்வாமை என்று சொல்லி ஒருவர் மாத்திரை கொடுத்தார், ஒன்றும் மாறவில்லை. என் கேள்வி இதுதான்: புண் முழுக்க ஆறிப்போன பிறகும் அதே நோய் உடம்பில் இருக்க முடியுமா? இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா, இல்லை நான்தான் தேவையில்லாமல் முடிச்சுப் போடுகிறேனா?

பழையபாதை:
தொடர்பு இருக்கும் சகோ. நாளைக்கே போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள். எனக்கு வந்தபோது புண் என்ற ஒன்றை நான் பார்க்கவே இல்லை. ஆசனவாய்க்கு உள்ளே இருந்திருக்கும் என்று பிறகுதான் மருத்துவர் சொன்னார். வலிக்காத புண், அதுவும் உள்ளே, எப்படித் தெரியும்? எனக்கு முதலில் தெரிந்தது முடி. தலையில் அங்கங்கே பூச்சி அரித்த துணி மாதிரி திட்டுத்திட்டாகக் கொட்டியது, புருவத்தின் ஓரமும் போனது. மூன்று மாதம் எண்ணெயும் ஷாம்புவும் மாற்றிக்கொண்டிருந்தேன். ஊசி போட்ட பிறகு முடி முளைத்துவிட்டது, அதைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் யாராவது முடியை நினைத்து அழுதுகொண்டிருக்கலாம்.

இரவுப்பணி (தோல், பால்வினை நோய் மருத்துவர்):
மழைத்தூறல், நேரில் பார்க்காமல் நோயைச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய வரிசையைப் படித்தவுடன் எனக்குத் தோன்றிய முதல் பெயர் சிபிலிஸ்தான். மேகநோய், கிரந்தி என்று பெரியவர்கள் சொல்வதில் பெரும்பாலும் இதுதான் அடங்கும், சில நேரம் வெட்டை நோயையும் (கொனோரியா) சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்தக் குழப்பம் மருத்துவர்களுக்கே நெடுநாள் இருந்தது. இரண்டும் ஒரே நோய் என்றுதான் 18ஆம் நூற்றாண்டில் பெரிய அறுவை மருத்துவர்கள்கூட நம்பினார்கள். 1838இல் பிரான்ஸில் ஃபிலிப் ரிக்கோர் இரண்டும் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று நாங்கள் இன்றும் சொல்லும் கணக்கும் அவர் காலத்திலிருந்து வருவதுதான். கிருமியைக் கண்ணால் பார்த்தது 1905இல், ஷௌடின், ஹாஃப்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள். ட்ரெப்போனிமா பாலிடம் என்று பெயர். திருகாணி போலச் சுருண்ட, மிக மெல்லிய கிருமி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். புண் ஆறியது களிம்பால் அல்ல. எதுவுமே தடவாமல் விட்டிருந்தாலும் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் அது ஆறியிருக்கும். கிருமி உள்ளே நுழைந்து 10 நாளிலிருந்து 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்று வாரம் கழித்து, நுழைந்த இடத்தில் அந்தப் புண் வரும். அதனால் அது எங்கேயும் இருக்கலாம்: ஆணுறுப்பு, பெண்ணுறுப்பின் இதழ், கருப்பை வாய், ஆசனவாய், உதடு, நாக்கு, தொண்டை. கருப்பை வாயில் வந்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. அடி கெட்டியாக, வலியில்லாமல், சுத்தமாக ஒற்றைப் புண்ணாக இருக்கும் என்று புத்தகம் சொல்லும். நடப்பில் இரண்டு மூன்று புண்கள் வந்தவர்களையும் பார்க்கிறோம், வேறு கிருமி சேர்ந்து வலியோடு வந்தவர்களையும் பார்க்கிறோம். ஆகவே வலிக்கிறது, அதனால் சிபிலிஸ் இல்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஹெர்பிஸ் என்றால் பொதுவாகச் சின்னச் சின்னக் கொப்புளங்களாகக் கூட்டமாக வந்து எரியும், உடைந்து புண்ணாகும், பிறகு திரும்பத் திரும்ப வரும். அதுவும் பொதுவாகத்தான்.

புண் ஆறும் நேரத்தில் கிருமி இரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் போய்விட்டிருக்கும். சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் இரண்டாம் நிலை. உங்களுக்கு நடப்பது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அரிக்காத புள்ளிகள் உடம்பில் வருவதற்குப் பல காரணம் இருக்கலாம், ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சேர்ந்து வந்தால் நாங்கள் சிபிலிஸ் டெஸ்ட் எடுக்காமல் அனுப்புவதில்லை. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, பழுப்பாகவோ சுற்றியிருக்கும் தோலைவிடக் கருமையாகவோ தெரியும். சிவப்பாக இல்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வாய்க்குள் சாம்பல் வெள்ளையாகத் திட்டு, ஆசனவாயைச் சுற்றியோ பெண்ணுறுப்பிலோ ஈரமான, தட்டையான, வெள்ளையாகத் தடித்த மருக்கள் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மருக்களில் கிருமி நிறைய இருக்கும், எளிதில் தொற்றும். மூல நோய் என்று நினைத்து அதற்கு மருந்து போட்டுக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கழுத்திலும் அக்குளிலும் முழங்கைக்கு உள்பக்கமும் நெறி கட்டும். காய்ச்சல், எடை குறைதல், தலைவலி, சில பேருக்குக் கல்லீரல் வீக்கம்கூட.

இந்த நோய் வேறு நோய்களின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வருவதில் கெட்டிக்காரன். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. இந்தப் புள்ளிகளும் தானாகப் போய்விடும். போனதும் நீங்கள் இரண்டாவது முறையும் நிம்மதியாகிவிடுவீர்கள். தயவுசெய்து அதற்கு முன் போங்கள்.

மழைத்தூறல்:
டாக்டர், இதை மூன்று முறை படித்தேன். நாளைக் காலை போகிறேன். என்ன டெஸ்ட் என்று கேட்க வேண்டும்? எனக்கு வாய் திறந்து அந்தப் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கண்ணாடிக்குடுவை:
நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள், "வி.டி.ஆர்.எல் அல்லது ஆர்.பி.ஆர், கூடவே டி.பி.எச்.ஏ, எச்.ஐ.வி". இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அது ஒரு குழாய், ஒரு எண், அவ்வளவுதான்.

இரண்டு வகை டெஸ்ட் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். வி.டி.ஆர்.எல், ஆர்.பி.ஆர் இரண்டும் நேரடியாகக் கிருமிக்கு எதிரான டெஸ்ட் அல்ல. கிருமி திசுக்களைச் சேதப்படுத்தும்போது உடம்பு உண்டாக்கும் வேறு ஒரு எதிர்ப்பொருளைப் பார்ப்பவை. அதனால் லூப்பஸ் மாதிரி, எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்களிலும், சில தொற்றுகளிலும், சில நேரம் கர்ப்பத்திலும் நோயே இல்லாமல் பாசிட்டிவ் வரும். ஆனால் இவற்றில் 1:8, 1:32 என்று அளவு வரும் (இரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பாசிட்டிவ் வருகிறது என்பது அது), சிகிச்சைக்குப் பிறகு அந்த அளவு இறங்கும். டி.பி.எச்.ஏ கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைப் பார்க்கும். அது ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும், குணமான பிறகும். ஆகவே ஒன்று நோய் உண்மையா என்று சொல்ல, இன்னொன்று நோய் இறங்குகிறதா என்று சொல்ல.

இன்னொரு விஷயம், இதை நான் நேரில் பார்த்தேன். இரண்டாம் நிலையில் எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தால், இரத்தத்தை நீர்க்காமல் பரிசோதிக்கும்போது வி.டி.ஆர்.எல் நெகடிவ் மாதிரி காட்டிவிடும். உடம்பு முழுக்கப் புள்ளியோடு வந்த ஒருவருக்கு முதல் தாளில் நெகடிவ் என்று போய்விட்டது. மருத்துவர் நம்பாமல் திரும்பக் கேட்டார். நீர்த்துப் பார்த்தால் 1:256. அந்த மருத்துவர் கேட்டிருக்காவிட்டால் அவர் அந்தத் தாளோடு வீட்டுக்குப் போயிருப்பார். அறிகுறி இருந்தும் நெகடிவ் வந்தால் "நீர்த்துப் பார்த்தீர்களா" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

நடுக்கடல்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்குப் புண் வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. ஆர்.பி.ஆர் நெகடிவ். தப்பித்தேனா?

கண்ணாடிக்குடுவை:
இல்லை, இன்னும் சொல்ல முடியாது. புண் வந்த முதல் சில நாள்களில் இரத்த டெஸ்ட் நெகடிவாக இருப்பது சாதாரணம். எதிர்ப்பொருள் உருவாக நேரம் வேண்டும்.

இரவுப்பணி:
நடுக்கடல், புண் இருக்கும்போதே நேரில் காட்டுங்கள். புண்ணிலிருந்து கசியும் நீரை எடுத்து இருண்ட புல நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி திருகித் திருகி நகர்வது தெரியும். எல்லா இடத்திலும் அந்த வசதி இல்லை. புண்ணைப் பார்த்தே சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஊசி போட்டுவிடுவதும் உண்டு. இரண்டு மூன்று வாரம் கழித்து இரத்தத்தைத் திரும்பப் பாருங்கள். அதுவரை உறவு வேண்டாம், வாய்வழியும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வைகறை:
நான் 14 வாரக் கர்ப்பம். வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் வி.டி.ஆர்.எல் 1:16, டி.பி.எச்.ஏவும் பாசிட்டிவ். எனக்கு வாழ்க்கையில் ஒரு புண்ணும் வந்ததில்லை, ஒரு புள்ளியும் வந்ததில்லை. கணவரிடம் கேட்டால் அவருக்கும் எதுவும் நினைவில்லை. யாரை நம்புவது என்றே தெரியவில்லை. குழந்தைக்கு என்ன ஆகும்? இரண்டு நாளாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இரவுப்பணி:
வைகறை, நீங்கள் நல்ல நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறீர்கள், முதலில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அறிகுறியே இல்லாமல் இரத்தத்தில் மட்டும் தெரிவதை மறைந்த நிலை என்போம். முதல் இரண்டு நிலையும் கண்ணில் படாமலே கடந்துபோயிருக்கலாம். யாரிடமிருந்து, எந்த வருடம் என்பதை இந்தத் தாள் சொல்லாது. உங்கள் திருமணத்துக்கு முந்தையதாகவும் இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம், அவருடையதாகவும் இருக்கலாம். அந்த வழக்கை இன்றைக்குத் தீர்க்க வேண்டாம். இன்றைக்குத் தீர்க்க வேண்டியது ஊசி.

சிகிச்சை இல்லாமல் விட்டால் கிருமி நஞ்சுக்கொடி வழியாகப் போகும். கருச்சிதைவு, வயிற்றிலேயே இறப்பு, குறைமாதப் பிரசவம், இல்லையென்றால் பிறந்த குழந்தைக்கு ஓயாத மூக்கொழுகல், தோல் உரிதல், கல்லீரல் மண்ணீரல் வீக்கம், எலும்பில் பாதிப்பு. பிறக்கும்போது ஒன்றும் தெரியாமல் பிறகு பல் ஓரம் தேய்ந்த வடிவில் முளைப்பது, கண் விழிப்படலம் கலங்குவது, காது கேட்காமல் போவது என்று வருவதும் உண்டு. 2022இல் உலகம் முழுக்க ஏறக்குறைய ஏழு லட்சம் குழந்தைகளுக்கு இது பிறவியிலேயே வந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலான தாய்மார்களுக்குக் கிடைக்காத ஒரு தாள் உங்கள் கையில் இருக்கிறது.

எப்போது தொற்றியது என்று தெரியாததால் பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். கர்ப்பத்தில் அந்த ஏழு நாள் இடைவெளியைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். ஒன்பது நாளைத் தாண்டினால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். கர்ப்பத்தில் பெனிசிலினுக்கு மாற்று கிடையாது, ஒவ்வாமை இருந்தால்கூட மருத்துவமனையில் வைத்து உடம்பைப் பழக்கி அதையேதான் கொடுப்பார்கள். ஊசி பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும், உங்களுக்கு மாதக் கணக்கில் நேரம் இருக்கிறது. கணவரும் டெஸ்ட் எடுத்து சிகிச்சை பெற வேண்டும், இல்லையென்றால் திரும்ப உங்களுக்கே வரும். இந்த நோய்க்கு ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்ற பாதுகாப்பு இல்லை.

வைகறை:
நாளைக்கு முதல் ஊசி. அவரும் வருகிறார்.

சாளரம்:
இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், என் அப்பாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அவருக்கு 60 தாண்டிய பிறகு கால்களில் திடீர் திடீரென்று மின்னல் வெட்டுவது போல வலி வரும், சில நொடி, பிறகு ஒன்றும் இருக்காது. மூட்டு வலி என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள். அப்புறம் நடை மாறியது, காலைத் தூக்கித் தூக்கித் தரையில் அடிப்பது போல வைத்து நடப்பார். வெளிச்சம் இருந்தால் ஒருமாதிரி சமாளிப்பார், இருட்டில் தள்ளாடுவார். ஒருநாள் காலையில் முகம் கழுவக் கண்ணை மூடியவர் அப்படியே குழாயடியில் விழுந்தார். வயசாச்சு என்று நாங்களும் விட்டோம். நாலு வருடம் இப்படியே போனது.

கடைசியில் ஒரு இளம் மருத்துவர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை, ஆனால் விரலைக் கிட்டே கொண்டுவந்தால் சுருங்கியது. அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் இரத்தம், பிறகு முதுகுத்தண்டு நீர் எல்லாம் எடுத்தார்கள். நரம்பைப் பிடித்த சிபிலிஸ். எந்தக் காலத்தில் வந்தது என்று அப்பாவுக்கே நினைவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரத்தக் குழாய் வழியாகப் பெனிசிலின் 14 நாள் ஏற்றினார்கள். மேலே மோசமாகவில்லை. ஆனால் போனது திரும்பவில்லை, இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். முன்னாடியே ஒரு சாதாரண இரத்த டெஸ்ட் யாராவது எழுதியிருக்கலாமே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரவுப்பணி:
சாளரம், எழுதியதற்கு மிகவும் நன்றி. உங்கள் கோபம் நியாயமானது. பெனிசிலின் கிருமியைக் கொல்லும், அழிந்த நரம்பை முளைக்க வைக்காது. இதை நோயாளியின் வீட்டாரிடம் சொல்வதுதான் எனக்கு மிகக் கடினமான பேச்சு.

சிகிச்சை பெறாத எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் ஆஸ்லோவில் சிகிச்சையின்றி இருந்தவர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நால்வரில் ஒருவருக்கு இரண்டாம் நிலை திரும்ப வந்தது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூன்றாம் நிலை வந்தது. தோலிலும் எலும்பிலும் கம்மா என்ற கட்டிகள், அல்லது 10, 20, 30 ஆண்டு கழித்து இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வீங்குவது, வால்வு கசிவது, அல்லது நரம்பு. மூளையைப் பிடித்தால் ஞாபக மறதி, குணம் மாறுவது, பேச்சுக் குழறல், சம்பந்தமில்லாத பெருமைப் பேச்சு. மனநோய் விடுதிகளில் அடைபட்டிருந்த பலருக்கு இதுதான் நோய் என்பது 1913இல் நோகுச்சி என்ற ஜப்பானிய ஆய்வாளர் இறந்தவர்களின் மூளையில் கிருமியைக் காட்டிய பிறகுதான் ஐயமின்றி உறுதியானது.

ஒன்று மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். கண்ணும் காதும் மூளையும் கடைசி நிலையில்தான் பாதிக்கும் என்பது தவறு. முதல் வருடத்திலேயே பாதிக்கலாம். மழைத்தூறல், உங்களுக்குப் பார்வை மங்கினாலோ, கண் சிவந்து வலித்தாலோ, காது இரைந்தாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ முன்பதிவு பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு வைத்தியமே வேறு.

சிறுநாணல்:
கழிப்பறை, துண்டு, ஒரே டம்ளர், இதனாலெல்லாம் பரவுமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரவுப்பணி:
கழிப்பறையாலும் துணியாலும் பரவாது. உடம்புக்கு வெளியே அந்தக் கிருமி நிற்காது. புண்ணோ ஈரமான திட்டோ நேரடியாகப் பட வேண்டும். வாயில் புண் இருந்தால் முத்தத்தாலும் வரலாம். ஆணுறை நல்ல பாதுகாப்பு, ஆனால் அது மூடாத இடத்தில் புண் இருந்தால் தடுக்காது. சிபிலிஸ் புண் இருக்கும்போது எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பும் கூடும், அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம்.

மழைத்தூறல்:
முடிவு வந்துவிட்டது. ஆர்.பி.ஆர் 1:64, டி.பி.எச்.ஏ பாசிட்டிவ், எச்.ஐ.வி நெகடிவ். அன்றைக்கே ஊசி போட்டார்கள், 24 லட்சம் யூனிட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு பிட்டத்திலும். நல்ல வலி, மறைக்க விரும்பவில்லை. இரவு எட்டு மணிக்குக் குளிர் உதறி எடுத்துவிட்டது, காய்ச்சல் 102, புள்ளிகள் எல்லாம் இன்னும் சிவந்துபோயின. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒன்றுமே இல்லை.

பழையபாதை:
எனக்கும் அதே கதை. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இரவுப்பணி:
சொல்லியிருக்க வேண்டும். கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது வரும் காய்ச்சல் அது, ஜாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் வினை என்று பெயர். முதல் 24 மணி நேரத்துக்குள் வந்து போய்விடும். பாராசிட்டமால் போதும். பெனிசிலின் ஒவ்வாமை வேறு: தடித்து அரிப்பு, மூச்சிரைப்பு, முகம் வீங்குவது. அது என்றால் உடனே ஓட வேண்டும். வைகறை, உங்களுக்கும் இது வரலாம், வயிறு இறுகினாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

ஏன் ஒரே ஊசி போதும் என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகும், ஒருமுறை இரண்டாகப் பிரிய 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பென்சத்தீன் வகை தசைக்குள் தங்கி வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் இறங்கும். 1943இல் முதன்முதலாக மனிதர்களின் சிபிலிஸுக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அது கேட்காத கிருமி வரவில்லை. அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கேட்காத கிருமி வந்துவிட்டது, ஆகவே கடையில் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு சரியாகிவிட்டது என்று இருக்காதீர்கள். பெனிசிலின் ஆகாத, கர்ப்பமில்லாத நோயாளிக்கு டாக்சிசைக்ளின் இருக்கிறது, 14 நாளோ 28 நாளோ, நிலையைப் பொறுத்து.

மழைத்தூறல்:
ஊசியைவிடக் கடினமானது இன்னொன்று. நான் உறவு வைத்திருந்த பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு முறை போனை எடுத்து வைத்துவிட்டேன். கடைசியில் "எனக்குச் சிபிலிஸ் இருக்கு, நீயும் டெஸ்ட் எடுக்கணும், வைத்தியம் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் போய் எடுத்தாள். பாசிட்டிவ், ஒரு அறிகுறியும் இல்லாமல். அவளும் ஊசி போட்டுக்கொண்டாள்.

பழையபாதை:
நல்ல காரியம் செய்தீர்கள் சகோ. எனக்கு அந்தத் தைரியம் வர இரண்டு மாதம் ஆனது, அந்த இரண்டு மாதத்தை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

மழைத்தூறல்:
ஆறு மாதம் கழித்து வருகிறேன். புள்ளிகள் மூன்றே வாரத்தில் மறைந்துவிட்டன. இன்றைய ஆர்.பி.ஆர் 1:8. ஆனால் டி.பி.எச்.ஏ இன்னும் பாசிட்டிவ் என்று தாளில் பார்த்ததும் மனசு இறங்கிவிட்டது. இன்னொரு ஊசி போட வேண்டுமா?

கண்ணாடிக்குடுவை:
64, 32, 16, 8. மூன்று படி இறங்கியிருக்கிறது, இரண்டு படி இறங்கினாலே சிகிச்சை கேட்டிருக்கிறது என்றுதான் கணக்கு. டி.பி.எச்.ஏவை விட்டுவிடுங்கள், அது பழைய தழும்பு மாதிரி, இனி எடுக்க வேண்டியதில்லை. 12ஆம் மாதம் ஆர்.பி.ஆர் மட்டும் எடுங்கள், முடிந்தால் இதே ஆய்வகத்தில். வி.டி.ஆர்.எல் எண்ணையும் ஆர்.பி.ஆர் எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. இந்த 1:8 தாளைப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் வேறு எதற்காவது இரத்தம் எடுத்து யாராவது பாசிட்டிவ் என்று பதறினால், காட்டுவதற்கு அது வேண்டும்.

வைகறை:
மூன்று ஊசியும் முடிந்தது. 39ஆம் வாரத்தில் பெண் குழந்தை. அவளுடைய ஆர்.பி.ஆர் நெகடிவ். இன்னும் சில மாதம் கழித்து ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.